வாக்கே காசானால்

2016 ஜூலை 4 அன்று ஸ்டீமிட் தளத்தில் எழுதிவந்தவர்களுக்கு முதன்முறையாகக் கையில் பணம் வந்தது. அந்தத் தளத்துக்கு அடித்தளமான ஸ்டீம் பிளாக்செயின் மார்ச் மாதமே ஓடத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் டாலர் குறியுடன் ஒரு தொகை ஏறிக்கொண்டே போகும். அது நிஜப் பணமாகுமா என்பதில் எழுதியவர்களுக்கே ஐயம் இருந்தது. ஜூலை 4 அந்த ஐயத்தைத் தீர்த்தது. அடுத்த இரண்டு வாரங்களில், அந்தப் பிளாக்செயினின் நாணயமான ஸ்டீம் டோக்கனின் விலை பல மடங்கு ஏறியது. பயணக் கட்டுரை, ஒப்பனைக் குறிப்பு, சுயசரிதைத் துணுக்கு என்று ஒற்றைப் பதிவுக்கே ஆயிரக்கணக்கான டாலர் விழுந்த நாட்கள் அவை.

அதன் பின்னால் இருந்த நியாயம் இன்றைக்கும் எனக்கு நியாயமாகவே படுகிறது. பேஸ்புக்கில் எழுதுகிறவர்கள் நாம், படம் போடுகிறவர்கள் நாம், நண்பர்களை அழைத்து வருகிறவர்களும் நாம். விளம்பரப் பணம் மட்டும் முழுக்க நிறுவனத்துக்கு. நெட் ஸ்காட், டான் லாரிமர் இருவரும் சேர்ந்து உருவாக்கிய ஸ்டீமிட் அதை மாற்றப் பார்த்தது. எழுத்துக்கு மதிப்புப் போடுகிறவர்கள் வாசகர்கள். அவர்கள் போடும் வாக்கே கூலியைத் தீர்மானிக்கும். நடுவில் முதலாளி இல்லை. கேட்கவே இனிக்கும் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைத் தின்று தீர்த்தது ஸ்பேம். இது எப்படி நடந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், சில மனிதர்களின் பேராசையைவிட ஆழமான ஒன்று தெரியவரும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். ஸ்டீமிட்டில் அப்போது விளம்பரம் கிடையாது. பிளாக்செயின் நொடிக்கு நொடி புதிய டோக்கன்களை அச்சடித்தது. 2016 டிசம்பரில் வந்த மாற்றத்துக்குப் பிறகு ஆண்டுக்கு 9.5 சதவீதம் என்ற விகிதத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் குறைந்துவரும்படி அமைத்தார்கள். அச்சடித்ததில் முக்கால் பங்கு பரிசுத் தொகுப்புக்குப் போகும். எஞ்சியதில் ஒரு பகுதி டோக்கனைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்கு, ஒரு பகுதி பிளாக்செயினை இயக்கும் ‘விட்னஸ்’களுக்கு. புதிய டோக்கன் அச்சாகும்போது பழைய டோக்கனின் மதிப்பு அந்த அளவுக்கு நீர்த்துப்போகும். அதாவது பரிசுத் தொகுப்பில் இருந்தது டோக்கன் வைத்திருந்த எல்லாருடைய பணமும்தான்.

அதை எப்படிப் பிரிப்பது? ஆளுக்கொரு வாக்கு என்று வைக்க முடியாது. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம். ஆகவே டோக்கனைப் பூட்டி வைத்து ‘ஸ்டீம் பவர்’ ஆக்கிக்கொண்டவர்களுக்கு, அந்தப் பூட்டிய தொகையின் அளவுக்கு வாக்குவலிமை. பூட்டியதை உடனே எடுக்க முடியாது. தொடக்கத்தில் 104 வாரத் தவணையில்தான் திரும்பி வரும். பிறகு அதை 13 வாரமாகக் குறைத்தார்கள். தளத்தின் எதிர்காலத்தில் பணத்தைக் கட்டிவைத்தவர் அதைக் கெடுக்க மாட்டார் என்பது நம்பிக்கை. முழு வலிமையில் ஒரு வாக்குப் போட்டால் கையிருப்பில் 2 சதவீதம் குறையும். நாளொன்றுக்கு 20 சதவீதம் ஊறும். ஆகவே நாளைக்குப் பத்து முழு வாக்கு. 2017 ஜூனில் நிலைபெற்ற விதி இது. பதிவுக்குச் சேரும் தொகையில் 75 சதவீதம் எழுதியவருக்கு, 25 சதவீதம் அதற்கு வாக்களித்தவர்களுக்கு.

இப்போது ஒரு கணக்கு. தளத்தின் மொத்த வாக்குவலிமையில் ஒரு சதவீதம் என்னிடம் இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பத்து வாக்குகளையும் நல்ல எழுத்தைத் தேடிப்பிடித்துப் போடுகிறேன். அன்றைய தொகுப்பில் ஒரு சதவீதம் அந்த எழுத்தாளர்களுக்குப் போகிறது. அதில் கால் பங்கு என் கைக்கு வருகிறது. அதே பத்து வாக்குகளை என் பதிவுகளுக்கே போட்டுக்கொண்டால்? எழுத்தாளரின் முக்கால் பங்கும் எனக்கு, வாக்காளரின் கால் பங்கும் எனக்கு. நேர்மையாக நடந்தால் கிடைப்பதைப் போல நான்கு மடங்கு. பதிவு நன்றாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. யாரோ எப்போதோ எழுதிய பழைய பதிவின் அடியில், எவர் கண்ணிலும் படாத இடத்தில், “நன்றி” என்று ஒரு பின்னூட்டம் போட்டு அதற்கு என் வாக்கைக் குத்திக்கொண்டாலும் பணம் வரும். பலர் அதைத்தான் செய்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, விதிகளில் எதையும் அவர்கள் மீறவில்லை. நேர்மையாக நடப்பவருக்கு முக்கால் பங்கு நட்டம் என்று விதியே சொல்லிவிட்டது. அந்த நட்டத்தைத் தாங்கிக்கொண்டும் மற்றவர் எழுத்துக்கு வாக்களித்தவர்கள் இருந்தார்கள், ஏராளமாக இருந்தார்கள். அவர்கள் விட்டுக்கொடுத்த பங்கு, தனக்கே வாக்களித்தவரின் கையில் சேர்ந்தது. அடுத்த ஆண்டு அவருடைய வாக்குவலிமை கூடும், இவர்களுடையது குறையும்.

நிறுவனர்கள் இதை யோசிக்காமல் இல்லை. முதலில் இருந்த சூத்திரத்தில் ஒரு பதிவுக்குக் கிடைக்கும் பரிசு, அதில் சேர்ந்த வாக்குவலிமையின் வர்க்கத்தைப் பொறுத்தே ஏறும். ஆளுக்கு ஓர் அலகு வைத்திருக்கும் பத்துப் பேர் அவரவர் பதிவுக்கே போட்டுக்கொண்டால் ஒவ்வொன்றும் 1-இன் வர்க்கம், ஆக மொத்தம் 10. பத்துப் பேரும் கூடி ஒரே பதிவுக்குப் போட்டால் 10-இன் வர்க்கம், 100. தனித்தனியே தன்னைத் தானே மெச்சிக்கொள்வதைவிடப் பலர் ஒன்றை மெச்சுவதற்குப் பத்து மடங்கு வலு. அழகான சிந்தனை. ஆனால் அதே வர்க்கம் மறுபக்கமும் வேலை செய்யும். ஒருவரிடம் 10 அலகு, இன்னொருவரிடம் 1,000 அலகு. வைத்திருப்பதில் நூறு மடங்கு வித்தியாசம், வாக்கின் விளைவில் பத்தாயிரம் மடங்கு. ஸ்டீமிட்டில் பெரும் பங்குதாரர்களைத் திமிங்கலம் என்றும் சாமானியர்களைப் பொடிமீன் என்றும் சொல்வது வழக்கம். ஒரு திமிங்கலம் வாக்களித்தால் நூற்றுக்கணக்கில் டாலர். முந்நூறு பொடிமீன்கள் கூடி வாக்களித்தாலும் சில காசு. எழுதுகிறவர்கள் வாசகர்களை மறந்து திமிங்கலத்துக்காக எழுதத் தொடங்கினார்கள்.

கூச்சல் கூடிக்கூடி, 2017 ஜூன் மாத ஹார்ட்ஃபோர்க்கில், அதாவது பிளாக்செயினின் விதிகளையே மாற்றும் புதுப்பிப்பில், வர்க்கத்தை எடுத்துவிட்டு நேர்விகிதத்தைக் கொண்டுவந்தார்கள். வாக்குவலிமை எவ்வளவோ பரிசும் அவ்வளவே. பொடிமீனின் வாக்கும் கண்ணுக்குத் தெரியும் தொகையாயிற்று. கூடவே, மேலே நான் போட்ட கணக்கும் அன்றிலிருந்துதான் முழுதாக உயிர்பெற்றது.

சரி, வர்க்கம் பணக்காரருக்குச் சாதகம், நேர்விகிதம் தன்வாக்குக்கு வழி. எதிர்த்திசையில் போனால் என்ன? வர்க்கமூலம் வைக்கலாமே? நூறு அலகு வைத்திருப்பவரின் வாக்குக்கு 10 மட்டும் மதிப்பு, ஓர் அலகு வைத்திருப்பவருக்கு 1. ஏழைக்கு இரங்கும் சூத்திரம். ஆனால் நூறு அலகுக்காரர் தன் பணத்தை நூறு கணக்குகளாக உடைத்து, நூறு பதிவு போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் அலகு வாக்களித்தால் கிடைப்பது 100. ஒரே ஆளாக நின்றால் 10, நூறு முகமூடி போட்டால் 100.

மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் இருந்த ஜான் டூசர் 2002-ல் இந்த முகமூடி வேலையைப் பற்றி ‘சிபில் தாக்குதல்’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். பல ஆளுமைகள் கொண்டவராக விவரிக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றிய நூலின் பெயரிலிருந்து எடுத்தது. அவர் காட்டியது சுருக்கமாக இதுதான்: யார் யார் என்று சரிபார்த்துச் சொல்லும் மைய அமைப்பு ஒன்று இல்லாத வலையமைப்பில், ஒரே ஆள் பல ஆட்களாக வேடமிடுவதை நடைமுறையில் தடுக்கவே முடியாது. ஆளுக்கொரு வாக்கு என்ற ஜனநாயக விதியை ஸ்டீம் எடுக்க முடியாமல் போனதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. வாக்காளர் பட்டியலும் மை வைக்கும் அலுவலரும் இல்லாத தேர்தல் அது.

மூன்று சூத்திரங்களையும் வளைகோடுகளாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரிகிறது. மேல்நோக்கி வளைந்தால் செல்வம் குவியும். கீழ்நோக்கி வளைந்தால் போலிக் கணக்குகள் பெருகும். நேராக நின்றால் தனக்குத் தானே எடுத்துக்கொள்வதே லாபம். வாக்கு எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் எந்தச் சூத்திரத்துக்கும், ஒரு வாக்கு ரசனையிலிருந்து வந்ததா பேரத்திலிருந்து வந்ததா என்பது தெரியாது. அந்தத் தகவல் எண்ணுக்குள் இல்லை.

பேரம் வெளிப்படையாகவே நடந்தது. 2017-ல் ‘பிட்பாட்’கள் வந்தன. ஒரு கணக்குக்குச் சிறு தொகையை அனுப்பி, கூடவே பதிவின் முகவரியைக் குறிப்பிட்டால், அந்தத் தானியங்கிக் கணக்கு வந்து வாக்களிக்கும். ஒரு முழு வாக்கில் செலவாகும் 2 சதவீத வலிமை மீண்டும் ஊற 2.4 மணி நேரம் ஆகும். ஆகவே 2.4 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்றில் பணம் கட்டியவர்களுக்கு, கட்டிய விகிதத்தில் வாக்கைப் பிரித்துத் தரும். பிட்பாட்டுக்கு வலிமை எங்கிருந்து? பெரும் பங்குதாரர்கள் தங்கள் ஸ்டீம் பவரை அதற்கு வாடகைக்கு விட்டார்கள். வசூலில் அவர்களுக்குப் பங்கு. தன் பதிவுக்குத் தானே வாக்களித்தால் ஊர் பார்க்கும். வாடகைக்கு விட்டால் பெயர் கெடாது, வருமானம் ஏறத்தாழ அதே. எழுத்தைப் படிக்கத் தெரியாத இயந்திரம் ‘டிரெண்டிங்’ பக்கத்தைத் தீர்மானிக்கும் நிலை வந்தது. அங்கே போய்ப் பார்த்த புதியவருக்குத் தெரிந்தது, யார் அதிகம் கட்டினார்கள் என்பது மட்டும்தான்.

வாக்களிப்பவருக்கான அந்தக் கால் பங்கும் இதே வழியில் போயிற்று. முந்தி வாக்களித்தவருக்கு அதிகப் பங்கு என்று விதி இருந்தது, நல்ல எழுத்தை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஊக்கமாக. கண்டுபிடிப்பதைவிட, வழக்கமாகத் திமிங்கலம் வாக்களிக்கும் எழுத்தாளர்களின் பட்டியலை ஒரு நிரலில் ஏற்றி, பதிவு வந்த குறித்த நிமிடத்தில் தானாக வாக்களிக்க வைப்பது சுலபம். பதிவைத் திறந்தவர்கள் பத்துப் பேர், வாக்களித்தவர்கள் இருநூறு பேர் என்பது சகஜமாயிற்று.

கீழ்மட்டத்தில் நடந்ததுதான் மனதை அறுக்கிறது. ஒருவர் தன் தந்தையின் மரணத்தைப் பற்றி எழுதுகிறார். அடியில் வரிசையாக, “அருமையான பதிவு, உங்களைப் பின்தொடர்கிறேன், நீங்களும் என்னைப் பின்தொடருங்கள்.” இப்படிப் போட்டவர்களில் பலர் டாலர் விலை உயர்ந்த நாடுகளில் இருந்து, நாளைக்கு ஒன்றிரண்டு டாலராவது தேறுமா என்று வந்தவர்கள். அவர்களைத் திட்டிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. மேலே இருப்பவர் வாடகைக்கு விட்டு எடுத்ததையே கீழே இருப்பவர் கெஞ்சி எடுத்தார். வித்தியாசம், கெஞ்சியவரை எல்லாரும் ஸ்பேமர் என்றார்கள். வாடகைக்கு விட்டவரை முதலீட்டாளர் என்றார்கள்.

இதை எதிர்க்கத் தளத்தில் கருவி இல்லாமல் இல்லை. எதிர்வாக்கு இருந்தது. ஒரு பதிவுக்கு எதிர்வாக்குப் போட்டால் அதன் பரிசு குறையும். குறைந்த தொகை தொகுப்புக்கே திரும்பி எல்லாருக்கும் பிரியும். ஆனால் எதிர்வாக்குப் போட்டவருக்கு அதே வலிமை செலவாகும், வருமானம் எதுவும் கிடையாது. போதாததற்கு, குத்துப்பட்டவர் பெரும் பங்குதாரரானால் திருப்பி அடிப்பார். எதிர்வாக்குப் போட்டவரின் பதிவுகள் ஒவ்வொன்றும் பூஜ்யமாகும். நன்மை ஊருக்கு, அடி ஒருவருக்கு. அதனால் பெரும்பாலோர் பார்த்தும் பார்க்காமல் போனார்கள். ஸ்டீம்கிளீனர்ஸ் என்ற தன்னார்வக் குழு களத்தில் இருந்தது. சீட்டா என்ற தானியங்கி, வேறெங்கோ இருக்கும் எழுத்தோடு பதிவை ஒப்பிட்டுப் பார்த்து, ஒத்திருந்தால் அடியில் ஒரு குறிப்புப் போடும். எடுத்து ஒட்டுவதை இவை ஓரளவு கட்டுப்படுத்தின. தன்வாக்கையும் பிட்பாட்டையும் தொட இவற்றால் முடியவில்லை.

2019 ஆகஸ்ட் ஹார்ட்ஃபோர்க் இந்த நோயை நோய் என்று ஒப்புக்கொண்டு செய்த வைத்தியம். எழுதியவருக்கும் வாக்களித்தவருக்கும் சரிபாதி என்றாக்கினார்கள். இதனால் நேர்மைக்கும் தன்வாக்குக்கும் இடையிலிருந்த நான்கு மடங்கு வித்தியாசம் இரண்டு மடங்காகச் சுருங்கியது. வளைகோட்டையும் மாற்றினார்கள். மிகச் சிறிய தொகை சேரும் பதிவுக்கு ஏறக்குறையப் பாதிதான் கிடைக்கும். தொகை ஏற ஏற நேர்விகிதத்தை நெருங்கும். ஆள் பார்க்காத பின்னூட்டங்களில் சில்லறையாகச் சிதறவிட்டு எடுப்பவருக்கு அது இடி. ஆனால் உண்மையாகவே சில்லறை மட்டுமே கிடைத்துவந்த புதிய எழுத்தாளருக்கும் அதே இடி விழுந்தது. மூன்றாவது மாற்றம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: வாக்குவலிமையில் கால் பங்கு அளவுக்கு எதிர்வாக்குகளைத் தனியாக, செலவில்லாமல் கொடுத்தார்கள். ‘வேண்டாம்’ என்று சொல்வதன் விலையை இறக்கினார்கள். பிட்பாட் தொழில் அதன்பின் வேகமாகச் சரிந்தது, சூத்திரத்தைவிட அதிகமாக இந்த எதிர்வாக்குகளால்.

அடுத்த ஆண்டே வேறொரு பூகம்பம். 2020 பிப்ரவரியில் டிரான் என்ற இன்னொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன், ஸ்டீமிட் நிறுவனத்தை அதன் பெரும் டோக்கன் இருப்போடு வாங்கினார். விட்னஸ்களைத் தேர்ந்தெடுப்பதும் டோக்கன் அளவிலான வாக்குதான். மார்ச் தொடக்கத்தில் சில கிரிப்டோ பரிவர்த்தனை மையங்கள் வாடிக்கையாளர்கள் ஒப்படைத்திருந்த டோக்கன்களையே பூட்டி வாக்களித்து, விட்னஸ்களை மாற்ற அவருக்கு உதவின. சமூகம் மார்ச் 20 அன்று ஹைவ் என்ற பெயரில் தனிச் சங்கிலியாகப் பிரிந்து போனது. காசே வாக்கானால் ஆட்சியும் காசோடு போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி கிடைக்காது.

இதெல்லாம் கிரிப்டோ உலகத்தின் கோளாறு என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஜூலையில் எக்ஸ் தளம் விளம்பர வருவாயைப் பயனர்களோடு பகிரத் தொடங்கியது. கட்டணச் சந்தா, குறைந்தது 500 பின்தொடர்வோர், மூன்று மாதத்தில் 50 லட்சம் பார்வைகள் ஆகியவை விரைவிலேயே தகுதி விதிகளாயின. ஒருவரின் பதிவுக்கு வரும் மறுமொழிகளுக்கு நடுவே காட்டப்படும் விளம்பரங்களை வைத்துப் பணம். மறுமொழி எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வருமானம். மறுமொழியை எளிதில் வரவழைப்பது கோபம். பார்வைகளைச் சேர்க்க எளிய வழி, பரபரப்பான பதிவின் அடியில் போய் ஒட்டிக்கொள்வது.

2024 ஜனவரி 1 மாலை ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் 7.6 அளவிலான நிலநடுக்கம். இடிபாடுகளில் சிக்கியவர்களும் உறவினரும் எக்ஸில் உதவி கேட்டு எழுதினார்கள். அதே நேரத்தில் அதே தளத்தில், பிறருடைய உதவிக் கோரிக்கையை எழுத்து மாறாமல் எடுத்துப் போட்ட கணக்குகள், 2011 சுனாமியின் காணொளியை இன்றைக்கு நடந்ததாகப் பகிர்ந்த கணக்குகள், இல்லாத முகவரியில் ஆள் சிக்கியிருப்பதாக எழுதிய கணக்குகள். ஜப்பானிய மொழி தெரியாத, ஜப்பானுக்கு வெளியே இருந்தவை அவற்றுள் பல. பார்வைக்காக அலையும் இவற்றுக்கு ஜப்பானியர் ‘இம்ப்ரெஷன் ஸாம்பி’ என்று பெயர் வைத்தார்கள். ஸ்டீமிட்டில் ஸ்பேமால் போனது பணம். இங்கே மீட்புப் பணியாளரின் நிமிடங்கள் போயின. எக்ஸ் பின்னர், மறுமொழி விளம்பரத்தை விட்டுவிட்டுச் சந்தாதாரர்களின் ஈடுபாட்டை வைத்துப் பணம் தரும்படி 2024 அக்டோபரில் மாற்றியது. அளவுகோல் மாறியது. பொதுத் தொகுப்பு அப்படியே இருக்கிறது.

பொதுத் தொகுப்பே வேண்டாம் என்றால்? இசை உலகில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. வழக்கமான ஸ்ட்ரீமிங் சேவைகளில் சந்தாப் பணம் எல்லாம் ஒரே தொகுப்பில் சேர்ந்து, மொத்தக் கேட்புகளின் விகிதத்தில் பிரியும். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. ஒரு போலிக் கணக்கு இரவும் பகலும் முப்பது முப்பது விநாடியாக ஓட்டினால் நாளொன்றுக்கு 2,880 கேட்பு. நிஜ ரசிகர் ஒருவர் நாற்பது பாட்டுக் கேட்பார். இருவரும் கட்டியது ஒரே சந்தா. போலிக் கணக்கு இழுப்பது எழுபது மடங்குக்கும் மேல். சவுண்ட்கிளவுட் 2021 ஏப்ரலில் சிறு கலைஞர்களுக்கு வேறு முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு ரசிகரின் பணமும் அவர் கேட்டவர்களுக்கு மட்டும் பிரியும். இந்த முறையில் போலிக் கணக்கு எவ்வளவு ஓட்டினாலும் தான் கட்டியதற்கு மேல் ஒரு காசு எடுக்க முடியாது. தன்வாக்கு என்பது தன் சட்டைப்பையில் இருந்ததை அடுத்த பைக்கு மாற்றுவதாக முடிந்துவிடும். சிபில் தாக்குதலும் வீண். நூறு முகமூடிக்கு நூறு சந்தா கட்ட வேண்டும். என் பார்வையில் இதுவரை வந்தவற்றில் மிகச் சுத்தமான தீர்வு இது. ஆனால் கேட்பவர் காசு கொடுக்கும் இடத்தில்தான் செல்லும். காசு கொடுக்க முடியாத கோடிக்கணக்கானவர்கள் படிக்கும், எழுதும் தளங்களில் பொதுத் தொகுப்பைத் தவிர்க்க வழியில்லை.

பொதுவில் இருக்கும் வளத்தை மனிதர்கள் எப்படிக் காத்தார்கள் என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம், 2009-ல் பொருளியல் நோபல் பெற்றவர். மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை, பாசன வாய்க்கால் என்று நீண்ட காலம் நிலைத்தவற்றை ஒப்பிட்டு, அவற்றில் பொதுவாக இருந்தவற்றை 1990-ல் ஒரு நூலில் எழுதினார். யார் பங்காளி என்ற எல்லை தெளிவாக இருக்கும். கண்காணிப்பவர் இருப்பார், அவர் பயனாளிகளுக்குக் கட்டுப்பட்டவராக இருப்பார். தவறுக்குத் தண்டனை சிறியதில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். வழக்கைத் தீர்க்க அருகிலேயே இடம் இருக்கும். நம் ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்த வேலையை இந்த வரிகளில் அப்படியே பார்க்கலாம். மடை திறப்பதும் முறை வைத்து நீர் விடுவதும் அவர் பொறுப்பு. ஆயக்கட்டுக்காரர்கள் அறுவடையில் அவருக்கு நெல் அளந்தார்கள். நீரைத் திருடியவனைத் தட்டிக்கேட்கும் பகை அவர் தலையில் தனியாக விழாதபடி, அதற்குக் கூலியும் ஊரின் ஒப்புதலும் பின்னால் நின்றன.

ஸ்டீமிட்டில் இல்லாமல் போனது இதுதான். கண்காணிப்பு இலவசத் தொண்டாக இருந்தது, திருட்டுக்கு மட்டும் சம்பளம் இருந்தது.

ஹைவ் 2021 ஜூன் மாத ஹார்ட்ஃபோர்க்கில் வளைகோட்டை மறுபடி நேர்விகிதமாக்கிவிட்டது. முதல் 24 மணி நேரத்தில் எப்போது வாக்களித்தாலும் ஒரே பங்கு என்றும் ஆக்கியது. நிமிடம் பார்த்துப் பாயும் தானியங்கிகளுக்கு அதில் லாபமில்லை. ஐந்தாண்டு சூத்திரம் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு மிக எளிய சூத்திரத்துக்கே திரும்பினார்கள், காவலை எதிர்வாக்குகளிடம் விட்டு. அங்கே ஹைவ்வாட்சர்ஸ் என்ற கண்காணிப்புக் குழு, சங்கிலியின் பொது நிதியிலிருந்து, பங்குதாரர்கள் வாக்களித்து ஒப்பிய தொகையைப் பெற்று வேலை செய்திருக்கிறது. அந்தக் குழுவின் தீர்ப்புகளைப் பற்றிச் சண்டைகளும் உண்டு. புதிதாக வந்தவர் ஒருவர் தன் பழைய வலைப்பூக் கட்டுரையையே எடுத்துப் போட, திருட்டு என்று எதிர்வாக்கு விழுந்தால், தானே அதன் ஆசிரியர் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எடுத்து ஒட்டியதைத் தேடுபொறி நொடியில் காட்டிக்கொடுக்கும். தமிழிலோ சிங்களத்திலோ அச்சு இதழிலிருந்து தட்டச்சு செய்து போட்டதை எந்தத் தானியங்கி பிடிக்கும்? அந்த மொழியைப் படிக்கிற ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவருக்குக் கூலி கொடுக்க வேண்டும், அவர் தவறினால் முறையிட இடம் வேண்டும். பயனர்களுக்குப் பணம் தருவதாகச் சொல்லும் எந்தத் தளத்திடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பரிசுத் தொகுப்பில் எத்தனை பங்கு காவலுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள்? அது எந்தெந்த மொழிகளுக்கு?